மஹ்றூப் காக்காவின் வேலி

சிலாவத்துறையில் அறுவடை முடிந்தால் வயல் எல்லார் மாட்டுக்கும் பொது. எந்தக் கன்றுக்கு எது தகப்பன் என்று யாரும் விசாரிப்பதில்லை. அப்படிப்பட்ட ஊரில் சுத்தச் சாதி மாடு வளர்க்கப் புறப்பட்ட முதல் ஆள், அண்ணன் முறைக்கு நாங்கள் காக்கா என்று கூப்பிடும் மஹ்றூப் காக்கா. இதுவரைக்கும் கடைசி ஆளும் அவர்தான்.

போரால் இடம்பெயர்ந்து புத்தளத்தில் இருந்த காலத்தில் அவர் ஒரு பண்ணையில் வேலை பார்த்தார். அங்கே கண்ட செந்நிறச் சாஹிவால் மாடுகள் அவருடைய மண்டைக்குள் ஏறிவிட்டன. ஊர் திரும்பி நாங்கள் கூரைத் தகரத்துக்கு அலைந்துகொண்டிருக்க, அவர் லொறியிலிருந்து இன்னும் கன்று போடாத இரண்டு சாஹிவால் நாகுகளை இறக்கினார். காணியைச் சுற்றி முள்ளுக்கம்பி அடித்தார். வீட்டுக்குக் கதவு அதற்குப் பிறகுதான் வந்தது. அவருடைய மனைவி ஸரீனா அதை இன்றைக்கும் சொல்லிக் காட்டுவா.

"மாட்டுக்கும் மறியலோ, காக்கா?" என்று பக்கத்துக் காணிக் கமால்தீன் கேட்டான்.

கமால்தீனிடம் வெள்ளைப் புள்ளி போட்ட நாட்டுக் காளை ஒன்று இருந்தது. அதற்குச் சிறை, வேலி எதுவும் ஒரு பொருட்டில்லை. காக்காவின் பட்டியில் பிறந்த கன்றெல்லாம் புள்ளியோடு பிறந்தன. ஒவ்வொரு புள்ளிக் கன்றுக்கும் காக்கா வேலியில் ஒரு கம்பி கூட்டினார். சினை ஊசி போட மன்னாரிலிருந்து ஆள் வந்து சேரும்போது மாட்டின் சூடு ஆறிவிட்டிருக்கும்.

மனம் வெறுத்துப்போய், ஒரு வெள்ளிக்கிழமை பள்ளிவாசலில் எல்லாரும் கேட்க நேர்ந்துகொண்டார்: "என்ர பட்டியில பிறக்கிற முதல் சுத்தக் காளையை ஹஜ்ஜுப் பெருநாளைக்கு அறுத்துக் குர்பான் குடுக்கிறன்."

விதைநெல்லை யாராவது நேர்வார்களா? காக்கா நேர்ந்தார்.

ஊசிக்காரர் நேரத்துக்கு வந்த ஒரே ஒரு தடவை பிடித்துக்கொண்டது. கன்று சிவப்பு, தொங்குதாடி, ஒரு புள்ளி இல்லை. காளை. இனி ஊசியை நம்பத் தேவையில்லை, பட்டி முழுவதையும் இவனே பெருக்குவான் என்று சுல்தான் எனப் பேர் வைத்தார். பிறகுதான் நேர்ச்சை ஞாபகம் வந்தது.

சுல்தானுக்கு இரண்டு வயது, குர்பான் வயது, ஆனபோது பள்ளிவாசலில் கூடிய ஊர் காக்காவைப் பார்த்தது. மௌலவி நல்ல மனிதர்.

"கன்று சுத்தமெண்டதில ஏதும் சந்தேகம் இருந்தால் சொல்லுங்கோ. சுத்தமில்லையெண்டால் இந்த நேர்ச்சை இதுக்குப் பொருந்தாது."

ஸரீனா முதல் நாளே கமால்தீனின் வீட்டுக்குப் போய் அழுதிருந்தா. கமால்தீன் எழும்பினான். இத்தனை வருசம் காக்காவை நக்கலடித்தவன் அன்றைக்கு அவருக்காகப் பொய் சொல்ல வந்திருந்தான்.

"மௌலவி, அந்த முறையும் என்ர காளை வேலி பாய்ஞ்சதெண்டுதான் நினைக்கிறன்."

காக்கா பேசாமல் இருந்திருந்தால் போதும்.

"என்ர வேலியையோ? ஒன்பது கம்பி! அந்த வருசம் ஒரு மாடும் அதைத் தாண்டேல்லை. சுல்தான் சுத்தம்!"

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று விளங்கியது. அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டார். எனக்கு அவர்மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை.

பெருநாளன்று கயிற்றை அவரே பிடித்தார். நேர்ச்சை இறைச்சியை நேர்ந்தவர் வீட்டில் தொடக்கூடாது என்பதால் முழுவதும் ஏழைகளுக்குப் போனது. கமால்தீனின் வீட்டுக்கும் ஒரு பங்கு போனது. ஸரீனா அன்றைக்குப் பருப்பு சமைத்தா.

மாரி தொடங்கியபோது கமால்தீனின் புள்ளிப் பசு கன்று போட்டது. சிவப்பு, தொங்குதாடி, காளை. வயிற்றில் மட்டும் உள்ளங்கை அளவு வெள்ளை. வெளியிலிருந்து வேலி தாண்டுவதைத்தான் காக்கா இத்தனை காலமும் காவல் காத்திருந்தார், உள்ளேயிருந்து தாண்டுவதை அல்ல.

கமால்தீன் வந்து கூப்பிட்டான். காக்கா போய்க் கன்றைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"இது சுத்தமில்லை," என்றார்.

பிறகு அதன் பக்கத்தில் குந்தி, பொழுது சாய்ந்து மஃரிபுக்குப் பாங்கு சொல்லும்வரை அதன் கழுத்தைத் தடவிக்கொண்டிருந்தார்.