உள்ளே இரண்டு பேர்

நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். நானும் நம்பாத ரகம்தான். பதினான்கு வருடமாகக் கம்ப்யூட்டர் பழுது பார்க்கிறேன். பேய் பிடித்துவிட்டது என்று என்னிடம் வந்ததில் பாதி தூசி, மீதி வைரஸ். ஆனால் இது என் அக்கா வீட்டில், காலை வெளிச்சத்தில், என் கண்ணெதிரே நடந்தது.

அக்காவுக்கு வீட்டிலிருந்தே டைப் செய்யும் வேலை. காலை ஏழு மணிக்குக் கம்ப்யூட்டரில் ஆஜராக வேண்டும். அத்தான் இறந்து ஐந்து மாதமாக அந்தச் சம்பளத்தில்தான் அடுப்பு எரிகிறது. கம்ப்யூட்டரோ ஆன் செய்ததும் ஆமையாக நகரும். எத்தனை மணிக்கு ஆன் செய்தாலும் ஏழு மணி தாண்டித்தான் சரியாகும். இன்னொரு நாள் தாமதமானால் வேலை கிடையாது என்று மேலாளர் கறாராகச் சொல்லிவிட்டார்.

மறுநாள் 6:30க்கே போய் உட்கார்ந்தேன். மவுஸ் இடது பக்கம் இருந்தது. அக்கா வலது கைக்காரி. அத்தான்தான் இடக்கைக்காரர். துடைக்கும்போது நகர்ந்திருக்கும் என்று வலப்பக்கம் எடுத்து வைத்தேன்.

எங்கள் தொழிலில் முதல் வேலை, ஆன் ஆகும்போது தானாகக் கிளம்பும் புரோகிராம்களை நிறுத்திப் பார்ப்பது. எல்லாவற்றையும் நிறுத்தினேன். ரீஸ்டார்ட் செய்தேன். மணி 6:41. கர்ர்... கர்ர்... ஹார்ட் டிஸ்க் அரைத்துக்கொண்டே இருந்தது.

கம்ப்யூட்டரில் யார் யார் லாகின் செய்து உள்ளே இருக்கிறார்கள் என்ற பட்டியலைத் திறந்தேன். இரண்டு பேர். ஒன்று அக்கா. இன்னொன்று அத்தான். வேகத்தையெல்லாம் தின்றுகொண்டிருந்தது அவர் பெயரில் இருந்த லாகின் கணக்குதான்.

"அத்தான் பாஸ்வேர்டு யாருக்குத் தெரியும்?"

"யாருக்கும் தெரியாது. கூடவே கொண்டு போயிட்டாரு."

அந்தக் கணக்கை அழித்துவிடலாம் என்றேன். அக்கா முகம் வாடிவிட்டது.

"அவர் பேரு மட்டும் அதுல இருந்துட்டுப் போகட்டுமேடா."

பேரா, சோறா என்று கேட்டுவிட்டேன். அப்படிக் கேட்டிருக்கக் கூடாது. அவள் அடுத்த அறைக்குப் போய்விட்டாள்.

6:52. கீபோர்டிலேயே ஷட்டவுன் கொடுத்தேன். திரையில் ஒரு வரி வந்தது.

'இன்னொருவர் இதைப் பயன்படுத்திக்கொண்டிருக்கிறார். நிறுத்தினால் அவர் சேமிக்காத வேலை அழிந்துவிடும்.'

வழக்கமாக வரும் வரிதான். மவுஸுக்காக வலது கையை நீட்டினேன். கைக்கு ஒன்றும் அகப்படவில்லை.

மவுஸ் இடது பக்கம் இருந்தது...

டக்.

கீபோர்டில் இருந்து.

டக்... டக்...

என் விரல்கள் அதன்மேல் இல்லை.

பயத்தில் பிளக்கையே பிடுங்கிவிட்டேன்.

கொஞ்ச நேரம் கழித்து மறுபடி ஆன் செய்து, அத்தான் கணக்கை அழித்தேன். அதற்கப்புறம் இருபது வினாடியில் கம்ப்யூட்டர் தயார். ஏழு மணிக்கு அக்கா ஆஜர். நான் அவளிடம் எதையும் சொல்லவில்லை.

அடுத்த மாதம் அவளுக்குக் கடும் காய்ச்சல். என் வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டேன். அவள் வீட்டில் மெயின் சுவிட்சை அணைத்துப் பூட்டியது நான். கம்ப்யூட்டர் உள்ளே, சாவி என் பையில். மூன்று நாள் அவளுக்கு நினைவே சரியில்லை. லீவு சொல்ல யாருக்கும் தோன்றவில்லை.

நான்காம் நாள் கண் விழித்தவள், வேலை போச்சே என்று அழுதாள். நானே மேலாளருக்கு போன் செய்து மன்னிப்புக் கேட்டேன்.

அவர் வருகைப் பதிவைப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"எதுக்கு சார் மன்னிப்பு? மூணு நாளும் சரியா ஏழு மணிக்கு வந்துட்டாங்களே. வேலையெல்லாம் முடிச்சுக் குடுத்திருக்காங்க."