மருதம்பட்டைப் பால்

அப்பாவுக்கு நெஞ்சு படபடத்த வருடம் நான் மூன்றாம் வகுப்பில் இருந்தேன். மலேசியாவில், அசாம் ஜாவா என்ற ஊருக்குப் பக்கத்துத் தோட்டத்தில் அவர் டிராக்டர் ஓட்டினார். திடீரென்று வண்டியை நிறுத்திவிட்டு மார்பைப் பிடித்துக்கொள்வாராம். பெரிய ஆஸ்பத்திரியில் படமெடுத்துப் பார்த்து, இதயத்தில் ஒரு கோளாறும் இல்லை என்று அனுப்பிவிட்டார்கள். ஒன்றும் இல்லை என்று சொன்னதில் அப்பாவுக்குப் பெரிய வருத்தம்.

அம்மா அவரைக் கோலசிலாங்கூரில் ஒரு சித்த வைத்தியரிடம் அழைத்துப் போனார். நானும் ஒட்டிக்கொண்டேன். வைத்தியர் அப்பாவின் வலது மணிக்கட்டில் மூன்று விரல்களை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார்.

“மனசு எங்க இருக்குன்னு நினைக்கிறீங்க? தலையிலயா? இங்க, நெஞ்சுக்குள்ள. அது சங்கடப்பட்டா இதுவும் சேர்ந்து துள்ளும். யார்கிட்டயாவது பேச்சில்லாம இருக்கீங்களா?”

அப்பா சுவரைப் பார்த்தார். அம்மாதான் பதில் சொன்னார்.

“தம்பிகிட்ட ஐயா. மூனு வருசமாச்சு.”

சித்தப்பா கெர்லிங் ஊரில் ஒரு கிறிஸ்தவப் பெண்ணைக் கட்டிக்கொண்டவர். அந்தக் கல்யாணத்துக்கு அப்பா போகவில்லை. இத்தனைக்கும் நாங்கள் இருந்த அதே லயத்து வரிசையில் பத்து வீடு தள்ளித்தான் அவர் வீடு.

வைத்தியர் மேற்கொண்டு கிளறவில்லை. மருதம்பட்டைத் தூளைப் பொட்டலம் கட்டினார். அப்போதே கறந்த பாலில் காய்ச்சி, கறந்த இடத்திலேயே குடிக்க வேண்டும், நாற்பது நாள் என்றார்.

“தோட்டத்துல மாடு யாரு வச்சிருக்கா?”

“தம்பிதான்” என்றார் அம்மா, கொஞ்சம் வேகமாகவே.

மறுநாள் சாயங்காலம் அப்பா என்னையும் கூட்டிக்கொண்டு சித்தப்பா வீட்டுக்குப் போய், பொட்டலத்தை என் கையில் கொடுத்துவிட்டு வாசலிலேயே நின்றார். சித்தி ஒன்றும் கேட்காமல் காய்ச்சிக் கொண்டுவந்தார். முதல் வாயிலேயே அப்பா முகத்தைச் சுளித்தார். மாட்டுக்குப் புல் போட்டுக்கொண்டிருந்த சித்தப்பா என்னிடம், “சீனி போடணுமான்னு கேளும்மா” என்றார்.

“வைத்தியர் சீனி சொல்லலன்னு சொல்லு” என்றார் அப்பா, அவரும் என்னிடமே.

எனக்கு அது பெரிய பதவியாகத் தெரிந்தது. ஒரு வாரம்கூட நிலைக்கவில்லை. சீனி விஷயத்தை அவர்களே பேசிக்கொள்ள ஆரம்பித்தார்கள். அப்புறம் மாட்டைப் பற்றி, மழையைப் பற்றி, சித்தியின் சமையலைப் பற்றி. டிராக்டர் பாதி வழியில் நிற்பதும் குறைந்துபோனது.

நாற்பதாவது நாள் தூள் தீர்ந்தது. அப்பா டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, சித்தப்பாவின் கையை எடுத்துத் தன் மார்பில் வைத்தார்.

“இப்ப பாருலா. எப்படி ஓடுது?”

“ஒழுங்காத்தான் ஓடுதுண்ணே.”

சொன்ன பிறகும் சித்தப்பா கையை எடுக்கவில்லை. அப்பாவும் விடவில்லை. கொசு கடித்தது, எனக்குப் பசித்தது. நெஞ்சு துடிக்கிறதா என்று பார்க்க இவ்வளவு நேரமா என்று எரிச்சலாக வந்தது.