காணுமோ, காணாதோ

மயூரிக்குப் பயப்பட ஒரு காரணம் கிடைக்காவிட்டால் அதுவே ஒரு பயமாகிவிடும். மண்டபம் இலங்கை அகதிகள் முகாமில் அவளைத் தெரிந்தவர்கள், "மயூரி அக்காவுக்கு மனத்தைரியம் கூட" என்பார்கள். காதில் விழுந்தால் அவளுக்குச் சிரிப்புதான் வரும். முதலில் வீட்டில் தையல் மெஷின் போட்டாள். ஊரடங்கு வந்தது, துணியோடு வாசலுக்கு வர ஆளில்லை. பிறகு ரோட்டோரம் தள்ளுவண்டி போட்டுக் கொத்துரொட்டி விற்றாள். ஒரு புயல் வந்து வண்டியைக் கவிழ்த்துக் கூரைத் தகரத்தைக் கடலுக்குக் கொண்டுபோனது. இரண்டு தடவையும் ஒரு பகல் முழுக்க அழுதாள். மறுநாள் எழுந்து முகம் கழுவி, அடுத்து என்ன செய்யலாம் என்று பார்த்தாள். அதற்குப் பேர் தைரியமா? சும்மா உட்கார்ந்தால் என்ன ஆகுமோ என்ற பயம்தான் அவளைப் பிடித்துத் தூக்கி விட்டது. அவள் வீட்டில் உலை வைப்பதே அந்தப் பயம்தான்.

மூன்றாவதாகத் தொடங்கியது இடியப்ப வியாபாரம். முகாமுக்குள்ளும் மண்டபத்து வீடுகளுக்கும் கொடுத்து நல்ல பேர் வாங்கினாள். அதைக் கேள்விப்பட்டு ராமேஸ்வரத்து லாட்ஜ் மேனேஜர் நாகேந்திரன் கூப்பிட்டார். அபிராமம் பக்கத்து மனிதர். சாதாரணமாகப் பேசினாலே அதட்டுவது போலத்தான் இருக்கும்.

"சேலத்துல இருந்து ரெண்டு வேன் ஆளுக வாராக. தீர்த்தமாடிட்டுப் பசியோட வருவாக. காலைப் பலகாரம் ஒங்க பொறுப்பு. நல்லா இருந்தா தெனமும் ஒங்களுக்குத்தான். சொதப்புனா இதோட சரி" என்றார்.

அந்த 'இதோட சரி' அன்றிலிருந்து மயூரியின் காதிலேயே நின்றது.

அந்த நாளும் வந்தது. கிழக்கு வெளுக்கும் முன்பே மாவு பிழிந்து அவித்தாள். கோயிலுக்கு வந்தவர்கள் என்பதால் வெங்காயம் சேர்க்காமல் தேங்காய்ப்பாலில் சொதி வைத்தாள். எல்லாவற்றையும் மூடி, துணியால் கட்டி, காளிராஜின் ஆட்டோவில் ஏற்றினாள். காளிராஜ் தங்கமான ஆள், வண்டிதான் கொஞ்சம் அப்படி இப்படி. ஆட்டோ பாம்பன் பக்கம் போய் மறைந்ததும் அவள் வாசலுக்கும் அடுப்படிக்குமாக நடக்க ஆரம்பித்தாள். உப்பு சரியா? சொதி திரிந்துவிடுமா? எல்லாவற்றையும் விட, அளவு போதுமா?

"இன்னும் ஒரு ஈடு பிழிஞ்சிருக்கலாமோ?" என்று கணவனைக் கேட்டாள்.

ஜெயரூபன் பெயிண்ட் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான். "இதையே எத்தின தரம் கேப்பாய்? பேசாமல் அந்தாளுக்கே போன் எடுத்துக் கேள்."

ஆட்டோ போய்ச் சேர்ந்திருக்கும் என்று தோன்றிய நேரத்தில் நாகேந்திரனைக் கூப்பிட்டாள். வெளியாட்களிடம் மயூரி இந்த ஊர்ப் பேச்சுத்தான் பேசுவாள், முப்பது வருடப் பழக்கம். ஆனால் பதற்றம் வந்துவிட்டால் நாக்கு சொல்லாமல் கொள்ளாமல் கடல் தாண்டிப் பிறந்த ஊருக்கே ஓடிவிடும்.

"அண்ணை, சாப்பாடு காணுமோ?"

"காணும்மா, காணும்!" என்று கத்தினார் நாகேந்திரன். பின்னால் ஒரே இரைச்சல்.

"நன்றி அண்ணை, பெரிய நன்றி!" என்று சிரித்துக்கொண்டே போனை வைத்தாள்.

போதும் என்பதற்கு அவள் ஊரில் 'காணும்' என்பார்கள். எல்லோருக்கும் போதுமாம்! மேனேஜரே இரண்டு தரம் சொல்லிவிட்டார். எத்தனையோ வருடம் கழித்து மயூரி அன்றுதான் காலை நீட்டி உட்கார்ந்தாள். தேநீர் போட்டு நிதானமாகக் குடித்தாள். போனைச் சார்ஜில் போட்டுவிட்டு, ரேடியோவைச் சத்தமாக வைத்துப் பாத்திரம் கழுவினாள். இவளுக்கு என்ன ஆயிற்று என்று ஜெயரூபன் கிளம்பாமல் நின்று பார்த்தான்.

கையைத் துடைத்துக்கொண்டு வந்து போனைப் பார்த்தால், நாகேந்திரன் திரும்பத் திரும்பக் கூப்பிட்டிருக்கிறார். நாளைக்கும் ஆர்டர் தரத்தான் போலிருக்கிறது என்று ஆசையோடு எடுத்துப் பேசினாள்.

"ஏம்மா, வெளையாடுறீகளா? பலகாரத்தக் காணும் காணும்னு தொண்ட கிழியக் கத்துறேன், நன்றின்னு சிரிச்சுட்டு வைக்கிறீக! இங்கன ஆளுக ஈரத்துணியோட நிக்கிறாக!"

மயூரிக்கு அப்போதுதான் புரிந்தது. காணோம் என்பது அவர் வாயில் காணும் என்றுதான் வரும். அவள் போதுமா என்று கேட்டிருக்கிறாள், அவர் பலகாரம் வந்தே சேரவில்லை என்று சொல்லியிருக்கிறார். பயப்பட வேண்டிய நேரமெல்லாம் பாவி மனசு பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறது! அவளுக்குத் தன்மேலேயே ஆத்திரம் பொங்கியது.

காளிராஜின் போன் அணைந்து கிடந்தது. ஜெயரூபனின் பைக்கில் இருவரும் பறந்தார்கள். பாம்பன் பாலத்தின் நடுவில் ஆட்டோ ஓரங்கட்டி நின்றது. பக்கத்தில் கையெல்லாம் கிரீஸோடு காளிராஜ்.

"கிளட்ச் வயர் அந்துபோச்சுக்கா. போன்லயும் சார்ஜ் இல்ல. கைய காட்டுனா ஒருத்தரும் நிப்பாட்ட மாட்டேங்கிறாக" என்றார். அழாத குறைதான்.

முதலில் இரக்கப்பட்டு நின்றது தங்கச்சிமடத்து மீன் வண்டி. "ஏத்துங்கக்கா" என்று டிரைவர் பின்கதவைத் திறந்தார். குப்பென்று மீன் வாடை அடித்தது. தீர்த்தமாடி வந்தவர்களுக்கு இந்த வாடையோடு இடியப்பமா? மயூரி அவரைக் கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பி வைத்தாள். அடுத்து வந்த பஸ்ஸுக்கு நேரே நடுரோட்டில் போய் நின்றுவிட்டாள். டிரைவர் திட்டினார், கண்டக்டர் அதைவிட அதிகமாகத் திட்டினார். திட்டிக்கொண்டே பின் சீட்டை ஒழித்துக் கொடுத்தார். ஜெயரூபன் இடியப்பப் பாத்திரங்களை அதில் ஏற்றிவிட்டுக் காளிராஜுக்குத் துணையாக நின்றான். சொதிப் பாத்திரத்தை முழங்காலுக்கு நடுவே இடுக்கி, மூடியை இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டு ராமேஸ்வரம் வரை குலதெய்வத்தைக் கூப்பிட்டபடி போனாள்.

லாட்ஜில் பாதிப் பேர் ஹோட்டல் தேடிப் போயிருந்தார்கள். மீதிப் பேர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்கள். நாகேந்திரன் அவளைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். மயூரி சொதியைச் சூடாக்கி, ஓடி ஓடிப் பரிமாறினாள். சேலத்துக்காரர் ஒருவர் இரண்டாம் தடவை இலையை நீட்டி, "இதென்னங்க கொழம்பு, இப்படி இருக்கு?" என்று ரசித்துக் கேட்டார். சொதி என்று பேரைச் சொன்னாள், ஆனால் அவளுக்குச் சந்தோஷப்பட முடியவில்லை. கண் மேனேஜரின் முதுகிலேயே இருந்தது.

பந்தி முடிந்ததும் அவரிடம் போய் நின்று அந்தச் சொல்லின் கதையைச் சொன்னாள். நாகேந்திரன் சிரிக்கவில்லை.

"அப்ப நான் கத்துனது அம்புட்டும் ஒங்களுக்குப் பாராட்டாக் கேட்டுருக்கு" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார்.

சரி, இதுவும் போச்சு. குழாயடியில் பாத்திரத்தைத் தேய்க்கையில் அவளுக்குக் கண்ணீர் வந்தது, கை மட்டும் நிற்கவில்லை. மூக்கை உறிஞ்சிக்கொண்டே, நாலாவதாக என்ன செய்யலாம் என்று யோசிக்கத் தொடங்கியிருந்தாள். ஊறுகாய் போடலாமா? ஊறுகாய் என்றால் வழியில் ஆட்டோ நின்றாலும் கெடாது.

பாத்திரங்களைத் தூக்கிக்கொண்டு வாசல் வரை வந்துவிட்டாள்.

"ஏம்மா!" நாகேந்திரன்தான். அதே அதட்டல். "நாளைக்குக் கும்பகோணத்து ஆளுக மூணு வேன்ல வாராக. இன்னைக்குக் கொண்டாந்த அளவு..." சட்டென்று நிறுத்தினார். சொல்லைத் தேடிப் பிடித்து, கொஞ்சம் கூச்சத்தோடு கேட்டார். "காணுமா?"

மயூரி பாத்திரங்களைக் கீழே வைத்தாள்.

"போதாதுண்ணே" என்றாள், அவர் பேச்சில். "இன்னும் கூடப் பிழியணும்."

திரும்பும்போது பஸ் பாலத்தில் ஏறியது. அத்தனை தேங்காய்க்கு எங்கே போவது? காளிராஜ் வயர் மாற்றியிருப்பாரா? போனில் சார்ஜ் போட்டிருப்பாரா? அவள் நெஞ்சு பழையபடி படபடவென்று அடித்துக்கொண்டது. அப்பாடா என்றிருந்தது மயூரிக்கு.