அப்பா வருகிற காட்சி

அந்தப் படத்தைக் குறை சொன்ன ஒரே மனிதர், எனக்குத் தெரிந்து, ஸ்ரீரங்கத்திலிருந்து வந்திருந்த ஒரு பெரியவர்தான். முகாம் வாத்தியாராக நடித்தவருக்கு இடைவேளைக்கு முன்னால் தென்கலை நாமம், பின்னால் வடகலை நாமம். இதைக்கூடப் பார்க்காமல் என்ன பக்திப் படம் என்று தியேட்டர் வாசலில் மைக் முன்னால் பொரிந்து தள்ளினார். மற்ற எல்லோருக்கும் படம் பிடித்திருந்தது. அடிதடி இல்லை, ஆபாசம் இல்லை, குழந்தைகளைத் தைரியமாகக் கூட்டிவரலாம் என்றார்கள். பெருமாள் கைவிடமாட்டார் என்று காட்டிவிட்டார்கள் என்று ஒரு அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்கு வயிறு எரிந்துகொண்டிருந்தது. அது என் கதை. நான் யாருக்கும் கொடுக்கவில்லை.

படம் ஒரு கோடை முகாமைப் பற்றியது. ஒரு மடத்தில் பள்ளிக்கூட லீவுக்குப் பிள்ளைகளைச் சேர்த்துப் பாசுரம் சொல்லிக்கொடுக்கிறார்கள். எல்லாப் பிள்ளைகளும் கூரை அதிரச் சொல்கிறார்கள், ஒரு பெண் மட்டும் வாயைத் திறப்பதில்லை. அவளைப் பேசவைக்க வாத்தியார் படும் பாடுதான் காமெடி. மிளகுக் கஷாயம் கொடுக்கிறார், திருஷ்டி சுற்றிப் போடுகிறார், டாக்டரிடம் இழுத்துக்கொண்டு ஓடுகிறார். கடைசி நாள் விழாவில் அவள் மேடையில் ஊமையாக நிற்கும்போது, வீட்டை விட்டுப் போன அப்பா பெட்டியும் கையுமாகக் கூடத்துக்குள் நுழைகிறார். அவள் வாயைத் திறந்து பாடுகிறாள். தியேட்டரே கைதட்டியது.

டிக்கெட் எடுத்தது என் தம்பி. சென்னையில் சினிமா கதை டிஸ்கஷன்களுக்குப் போய்வருகிறவன். டைரக்டர் அவனுடைய சிநேகிதன். முதல் நாளே அம்மாவுடன் பார்த்தாக வேண்டும் என்று கார் எடுத்துக்கொண்டு வந்துவிட்டான். அம்மாவும் நானும் ஸ்ரீரங்கத்தில் இருக்கிறோம். புத்தூரில் ஒரு மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுப்பது என் வேலை. கதை என்னடா என்று கேட்டேன். சஸ்பென்ஸ் என்றான். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

கஷாயக் காட்சி வந்தபோது அம்மா சிரித்தாள். எழுபதைத் தாண்டியவள், சிரித்தால் தோள் குலுங்கும். என் தொடையைத் தட்டி, "உன்னை மாதிரியே ஒண்ணு இருக்கு பாருடி" என்றாள். டாக்டர் டார்ச் அடித்துத் தொண்டையைப் பார்க்கிற காட்சியில் நான் திரும்பித் தம்பியைப் பார்த்தேன். அவன் திரையைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான், பரிசு கொடுக்கப்போகிறவனைப் போல.

எனக்குப் பதினோரு வயது இருக்கும்போது நடந்தது அது. அப்பா நாக்பூரில் வேலையாக இருந்தார், லீவு கிடைக்காததால் வருவதில்லை. அம்மா எங்களுக்குச் சொன்னது அதுதான். என்னைச் சேர்த்திருந்த முகாம் தொடங்குவதற்குச் சில நாள் முன்பு மாமா வந்து சமையலறையில் அம்மாவிடம் பேசியதைக் கூடத்திலிருந்து கேட்டுவிட்டேன். அப்பாவுக்கு அங்கே வேறு குடும்பம் இருந்தது, குழந்தையும் பிறந்திருந்தது. அம்மா அழவில்லை. குழந்தைகளுக்கு இது தெரியவே கூடாது என்று மட்டும் மாமாவிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாள்.

தெரியக்கூடாது என்றால் தெரியாத மாதிரி இருந்துவிடுவோம் என்று முடிவு செய்தேன். ஆனால் பெருமாளிடம் சொல்லலாமே. முகாம் முடியும்வரை ஒரு வார்த்தை பேசமாட்டேன், கடைசி நாளுக்குள் அப்பாவைக் கொண்டுவந்து விடு என்று வேண்டிக்கொண்டேன். வேண்டுதலை வெளியே சொன்னால் பலிக்காது என்பதால் காரணத்தை யாரிடமும் சொல்லவில்லை. பாசுரம் சொல்லிக்கொடுக்கிற முகாமில் போய் மௌன விரதம். கஷாயம், திருஷ்டி, தென்னூர் டாக்டரின் டார்ச் எல்லாம் நிஜம். அத்தனை அமர்க்களத்திலும் அம்மா என் தொண்டையைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தாள். கடைசி நாள் மேடையில் வாயை மூடிக்கொண்டு வாசலையே பார்த்துக்கொண்டு நின்றேன். யாரும் வரவில்லை. மறுநாள் காலை எழுந்து, காபி வேண்டும் என்று அம்மாவிடம் கேட்டேன். வேறென்ன செய்வது?

அதன் பிறகு ஒவ்வொரு தீபாவளிக்கும் அப்பா அனுப்பியதாக எனக்கு ஒரு பட்டுப் பாவாடை வரும். சத்திரம் பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடையில் அம்மா வாங்கியது என்று எனக்குத் தெரியும். அப்பா செலக்‌ஷன் பிரமாதம் என்பேன். அம்மாவின் முகம் மலரும். பின்னால் நாங்கள் வளர்ந்தோம், கேட்பதை நிறுத்தினோம், அவள் சொல்வதை நிறுத்தினாள். சில வருடங்களுக்கு முன் அப்பா இறந்த செய்தி வந்தபோது, அம்மா தலைக்குக் குளித்துவிட்டு வந்து ஒன்றே ஒன்று சொன்னாள். "வளர்ற வயசுல உங்களுக்கு ஒண்ணும் தெரியாம பார்த்துண்டேன். அது போறும் எனக்கு."

அவள் வாழ்க்கையில் ஜெயித்தது அது ஒன்றுதான். அதில் கைவைக்க எனக்கு மனசு வரவில்லை. இந்த ரகசியத்தை நான் சொன்ன ஒரே ஆள் தம்பி. காலேஜில் படிக்கும்போது யார் மூலமோ அப்பா விஷயம் தெரிந்து, அம்மாவை நிற்கவைத்துக் கேட்கப்போகிறேன் என்று கொதித்துக்கொண்டு வந்தான். பஸ் ஸ்டாண்டிலேயே அவனைப் பிடித்து டீக்கடையில் உட்காரவைத்து, பதினோரு வயதிலிருந்து நான் எப்படி இருக்கிறேன் என்று சொன்னேன். நீயும் அப்படியே இரு என்றேன். டம்ளரைப் பிடித்தபடி அழுதான். அம்மாவுக்குத் தெரியவே விடமாட்டேன் அக்கா என்று என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னான். வேலியே பயிரை மேயும் என்று யார் கண்டது?

படத்தில் அந்தப் பெண் மாமா பேசுவதை ஒட்டுக்கேட்கிற காட்சி வந்தது. குடும்பப் படம் என்பதால் இன்னொரு மனைவி இல்லை, அப்பா கோபித்துக்கொண்டு துபாய் போய்விட்டதாக மாற்றியிருந்தார்கள். குழந்தைக்குத் தெரியக்கூடாது என்கிற வசனம் மட்டும் அப்படியே இருந்தது. அம்மாவின் தோள் குலுங்குவது நின்றுவிட்டது. நாள் முழுவதும் மூச்சைப் பிடிங்க என்று மற்றவர்களுக்குச் சொல்கிறவள், நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சினிமாவில் இப்படி ஆயிரம் வரும், தற்செயல் என்று நினைத்துக்கொள்வாள், வெளியே போய்ப் பேச்சை மாற்றிவிடலாம் என்று கணக்குப் போட்டேன்.

வாசலில் மைக்குடன் ஒரு யூடியூப் சேனல் பெண் நின்றாள். நாமத்துப் பெரியவர் முடித்ததும் தம்பி தானாகவே போய் முன்னால் நின்றான். அம்மா என் கையைப் பிடித்தபடி பக்கத்தில்தான் இருந்தாள்.

"அந்தப் பொண்ணு வேற யாரும் இல்ல, எங்க அக்காதான். பதினோரு வயசுல எங்கப்பா வரணும்னு நிஜமாவே பேசாம இருந்தாங்க" என்றான். சுற்றி நின்றவர்கள் அடடா என்றார்கள். மைக் என் பக்கம் திரும்பியது. அப்பா வந்தாரா மேடம் என்று அந்தப் பெண் ஆசையாகக் கேட்டாள்.

"வரல" என்றேன்.

அம்மா என் கையை விட்டுவிட்டாள். அவளிடமும் மைக்கை நீட்டினார்கள். நன்னா இருந்தது என்று சொல்லிவிட்டுக் காரை நோக்கி நடந்தாள்.

கார் காவிரிப் பாலம் ஏறியது. பாலத்தின் நடுவில் அம்மா ஜன்னல் பக்கம் பார்த்தபடியே கேட்டாள். "அந்தப் பாவாடையெல்லாம்?"

"தெரியும்மா."

"மாம்பழக் கலர்ல ஒண்ணு, அது?"

"அதுவும்."

எனக்குத் தெரிந்துவிட்டது என்பதல்ல அவளுக்கு வலித்தது, தெரிந்துகொண்டே வாங்கி உடுத்திக்கொண்டேன் என்பதுதான். தம்பி செய்த துரோகத்துக்கு நான் தண்டனை அனுபவித்தேன். வீட்டு வாசலில் அவனைத் தனியே நிறுத்தி, ஊரார் வீட்டு நெய்யை எடுத்து உலகத்துக்குப் பரிமாறிவிட்டாயே என்று கத்தினேன். பேர் ஊர் எதுவும் போடவில்லையே, எல்லோரும் அழுதார்களே என்றான். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, "கடைசில அவரை வரவெச்சது நான்தான் அக்கா. டைரக்டர் வேண்டாம்னுதான் சொன்னான்" என்றான். அவனும் அப்பா இல்லாமல் வளர்ந்தவன்தான். இருந்தாலும் அன்று எனக்கு இரக்கம் வரவில்லை. சாப்பிடாமல் போ என்று அனுப்பினேன்.

அந்த வீடியோ இரண்டு நாளில் வந்தது. தம்பி பேசியது முழுதாக இருந்தது. நான் சொன்ன ஒரு வார்த்தையை வெட்டிவிட்டார்கள். வாயை மூடிக்கொண்டு நிற்கிற என் முகத்தை மெதுவாக ஓடவிட்டு, அடியில் புல்லாங்குழல் வைத்திருந்தார்கள். அக்கா இன்னும் விரதத்தை முடிக்கவில்லை போல என்று ஒருவர் கமெண்ட் போட்டிருந்தார். அதற்கு நிறையப் பேர் சிரித்திருந்தார்கள்.

அம்மா என்னிடம் பேசினாள், தளிகை ஆயிற்று சாப்பிட வா, துணி காய்ந்துவிட்டது என்கிற அளவுக்கு. ஒரு சாயங்காலம் நான் வேலையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றும்போது, படம் இன்னும் ஓடுகிறதா என்று கேட்டாள். ஓடுகிறது என்றேன்.

"இன்னொரு தடவை கூட்டிண்டு போறியா? முழுசா வேண்டாம். கடைசியில அவர் வர இடம் மட்டும் பார்த்தா போறும்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அப்பா ஏமாற்றினார், பெருமாள் ஏமாற்றினார், தம்பி ஏமாற்றினான். ஒரு நாளும் அவருக்காகக் கண்ணீர் விடாத இவளுக்காகத்தானே இத்தனை வருடம் வாயை மூடிக்கொண்டிருந்தேன்? இவளும் அந்த வாசலையே பார்த்துக்கொண்டுதான் நின்றிருக்கிறாள். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

சனிக்கிழமை எனக்கு லீவு, போகலாம் என்றேன்.