மச்சாளின் இருபத்திநாலில் ஒன்று

அந்தக் கொப்பித்தாள் இப்போதும் என் அலுமாரியில் இருக்கிறது. நீல மையில் பக்கம் முழுக்கக் கணக்கு. கடைசி வரியில் இருபத்திநாலில் ஒன்று என்ற விடை. அதன்மேல் என் சிவப்புப் பேனையால் போட்ட பெரிய புள்ளடி, பிழை என்று காட்டும் பெருக்கல் குறி.

போட்டது உயிலங்குளத்தில், போர் முடிந்து நாங்கள் மீளக்குடியேறிய முதல் வருடம். நான் அங்கே கணித ஆசிரியை. மாமியின் மகள், என் மச்சாள், தமிழ்நாட்டு அகதி முகாமில் வளர்ந்து, அங்கேயே கணிதத்தில் மேற்படிப்பும் முடித்துத் திரும்பியிருந்தாள். தகரக் கொட்டிலுக்குள், முகாமிலிருந்து கொண்டுவந்த பெட்டியின் மேல் தாளை வைத்து எழுதிக்கொண்டே இருப்பாள். சனம் எல்லாம் "கெட்டிக்காரி" என்றது. அதுவரை எங்கள் குடும்பத்தில் கெட்டிக்காரி நான். வயிறு எரிந்தது, ஏன் மறைக்க வேணும்? வளைகோட்டை அவள் 'வளைவரை' என்று சொல்லும்போதெல்லாம், "இஞ்ச அதை வளையி எண்டுதான் சொல்லுறது" என்று திருத்துவேன். அதில் ஓர் அற்ப சந்தோஷம்.

வளையி ஒவ்வொன்றையும் ஒரு புள்ளியாக வைத்தால், எல்லாம் சேர்ந்து ஒரு வெளியாகும். அந்த வெளிக்குள் வெட்டுப்புள்ளிகளை எண்ணுவதுதான் அவளுடைய வேலை. வெளிநாட்டுப் பேராசிரியர் ஒருவருக்கு அனுப்புமுன் என்னை ஒருக்கால் பார்க்கச் சொன்னாள். விடையைக் கண்டதும் நான் துள்ளாத குறை. எண்ணிக்கை எங்காவது பின்னத்தில் வருமா? மாமிக்கும் கேட்கட்டும் என்று, "பிழை!" என்று சத்தமாகச் சொல்லிப் புள்ளடி போட்டேன்.

அவள் கோபப்படவில்லை. "மச்சாள், ஊர்ப் பதிவுக்கு வந்த விதானையார் என்ர பேரை அம்மான்ர குடும்ப அட்டையிலயும் அண்ணான்ர அட்டையிலயும் பதிஞ்சிட்டார். அதுக்காக நான் ரெண்டு பேரோ? ஒவ்வொரு அட்டையிலயும் என்னை அரை எண்டு எண்ணினால்தானே சரி. இந்த வளையியளும் ரெண்டு, நாலு, ஆறு விதமாய்த் திருப்பிப் போட்டாலும் அப்பிடியே இருக்கும். அப்ப, அத்தினையால பிரிச்சுத்தானே எண்ணவேணும்?" என்றாள். வளையி என்றே சொன்னாள்.

எனக்கு விளங்கிவிட்டது. விளங்காமல் இருந்திருந்தால் இவ்வளவு எரிந்திராது. "என்னவோ, பாத்து அனுப்பு" என்று மட்டும் சொன்னேன். அவள் வேறு தாளில் எழுதி அனுப்பினாள். அடுத்த வருடமே அந்தப் பேராசிரியரின் நாட்டுக்குப் போயும்விட்டாள். புள்ளடி போட்ட தாள் என்னோடு தங்கிவிட்டது.

போன கிழமை தொலைபேசியில் கேட்டாள்: "அந்தத் தாள் இன்னும் இருக்கோ, மச்சாள்? என்னட்டப் படிக்கிற பிள்ளையளுக்குக் காட்ட ஆசையாக் கிடக்கு."

"அதைக் கறையான் அரிச்சிட்டுது" என்றேன்.

தாள் என் மடியில் கிடந்தது. புள்ளடியின் இரண்டு கோடுகளும் ஒரே ஒரு புள்ளியில் வெட்டிக்கொள்கின்றன. எனக்கு எண்ணத் தெரிந்தது அவ்வளவுதான்.