ஏழு வீட்டுக்கு ஒரே ஈமெயில்

மூன்று வருஷத்துக்கு முன், ஒரு ஜூலை மாதம். பெங்களூர் ஆஸ்டின் டவுனில் எங்கள் சந்தில் ஏழு வீடு. ஏழு வீட்டுக்கும் ஈமெயில் முகவரி ஒன்றுதான், என்னுடையது. ஆபீஸ் வேலைக்குப் போகிறவள் நான் ஒருத்திதான் என்பதால், கேஸ் கனெக்‌ஷனிலிருந்து காலேஜ் அப்ளிகேஷன் வரை எல்லாரும் என் முகவரியையே எழுதிவிடுவார்கள். எனக்கும் அதில் பெருமைதான்.

பலன்? ஊரில் விற்காத ஃப்ளாட், நான் கேட்காத லோன், உடம்பு இளைக்கும் பவுடர் எல்லாம் என் தலையில். வைட்ஃபீல்டுக்கு மெட்ரோவில் நின்றபடியே மொத்தமாக டிக் அடித்து அழித்துவிடுவேன். இரண்டு ஸ்டேஷன் தாண்டுவதற்குள் பெட்டி காலி.

ஒரு நாள் எதிர்வீட்டுக்காரி கேட்டாள், "அக்கா, பாப்பாவுக்கு நர்சிங் காலேஜ்லேர்ந்து ஒண்ணும் வர்லியா?" நாலு வீட்டில் வேலை செய்து மகளைப் படிக்க வைத்தவள். இலவச சீட்டுக்கு விண்ணப்பித்திருந்தார்கள். இல்லை என்று சொல்ல வாயெடுத்தவள், எதற்கும் பார்ப்போம் என்று அழித்ததையெல்லாம் திறந்தேன். ஒரு ஃப்ளாட் விளம்பரத்துக்கும் பவுடருக்கும் நடுவில் கிடந்தது கடிதம். சர்டிபிகேட்டோடு நேரில் வரச் சொன்ன கடைசி நாள் போய் நான்கு நாள் ஆகியிருந்தது.

மறுநாள் லீவு போட்டு மூவரும் காலேஜுக்கு ஓடினோம். தப்பு என்னுடையது, பெண்ணைத் தண்டிக்காதீர்கள் என்று கன்னடத்தில் கெஞ்சினேன். சீட்டு அடுத்த பெண்ணுக்குப் போய்விட்டது என்றார்கள். வெளியே வந்ததும் பாப்பா அழவில்லை. "பரவால்ல ஆன்ட்டி" என்றாள். அவள் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

அழுது முடித்ததும் எனக்குக் கோபம் வந்தது. அந்த ஃப்ளாட் கம்பெனி என் ஆபீஸுக்குப் பக்கத்துத் தெருவில்தான். மதியச் சாப்பாட்டு நேரத்தில் போய், என் முகவரியை எடுங்கள் என்றேன்.

"மெயில்லயே அன்சப்ஸ்கிரைப் இருக்கே மேடம்" என்று சிரித்தார் மேனேஜர்.

"அஞ்சு தடவ அழுத்திட்டேன் சார். என் கண்ணெதிர்ல எடுங்க. அதுவரைக்கும் எழுந்திருக்க மாட்டேன்" என்று அங்கிருந்த சோபாவில் உட்கார்ந்தேன். வீடு பார்க்க வந்த கணவன் மனைவியிடம், ஈமெயில் மட்டும் கொடுத்துவிடாதீர்கள் என்று நடந்ததை எல்லாம் சொன்னேன். ஐந்தே நிமிஷம், முகவரியை எடுத்து, எடுத்தோம் என்று எழுதியும் கொடுத்தார்.

அதற்கப்புறம் ஒவ்வொரு கம்பெனியோடும் சண்டை. கேட்காமல் என் வீட்டுச் சுவரில் நோட்டீஸ் ஒட்டினால் தப்பு, கேட்காமல் என் பெட்டியில் தினமும் ஒட்டினால் மட்டும் வியாபாரமா? இதையும் குற்றமாக்கிச் சட்டம் போட வேண்டும் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் கத்திக்கொண்டிருக்கிறேன்.

பாப்பா ஒரு வருஷம் துணிக்கடை பில்லிங்கில் நின்றாள். அடுத்த வருஷம் சீட்டு கிடைத்தது. அந்த விண்ணப்பத்தில் தனக்கென்று ஒரு முகவரி உண்டாக்கி எழுதியிருந்தாள். எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் அவள் செய்ததுதான் சரி.

இதுக்கெல்லாமா சண்டை, டெலீட் பண்ணிட்டுப் போக வேண்டியதுதானே என்று இன்னும் சிலர் சொல்கிறார்கள். நானும் அதைத்தானே செய்தேன். அழிந்தது ஒரு பெண்ணின் ஒரு வருஷம்.