சாம்பல் கை

இலங்கைக்குச் சுதந்திரம் கிடைத்துச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. கந்தப்பளைக்கு மேலே, எங்கள் தேயிலைத் தோட்டத்தின் உச்சி மலையில் ஒரு பெரிய பாறை கூரைபோல் நீட்டிக்கொண்டிருக்கும். கொழுந்து பறிக்கும்போது மழை வந்தால் நாங்கள் அதனடியில்தான் ஒதுங்குவோம். உள்பக்கம் வெள்ளையாகச் சில உருவங்கள்: வில் பிடித்த ஆள், யானை, மான். அந்தக் காலத்து வேடர்கள் சாம்பலைக் குழைத்து வரைந்தது என்பார்கள். எங்கள் ஆட்கள் சும்மா இருப்பார்களா? கரியால் வேலும் சூலமும் போட்டு வைத்திருந்தார்கள்.

ஒரு மழைநாளில் என் தங்கையும் அடுப்புச் சாம்பலைத் தண்ணீரில் குழைத்து, யானைக்குப் பக்கத்தில் கையைப் பதித்தாள். அடுத்த வருஷம் காய்ச்சலில் போய்விட்டாள். அவள் முகத்தைப் பார்க்க வீட்டில் ஒரு படம்கூட இல்லை. அதன்பிறகு மழைக்கு ஒதுங்கும்போதெல்லாம் அம்மா அந்தக் கைமேல் பட்டும் படாமலும் தன் கையை வைத்துக்கொண்டு நிற்பாள். நாங்கள் வேறு பக்கம் பார்ப்போம்.

பழைய சித்திரங்களைக் காப்பாற்ற என்று கொழும்பிலிருந்து ஓர் அதிகாரி வந்தார். தோட்டத்து ஆட்கள் கிறுக்கியதையெல்லாம் ஈரச்சாக்கால் துடைக்கச் சொன்னார். அந்த வேலைக்கு அப்பாவை அனுப்பினார்கள். வேலும் சூலமும் போயின. கையிடம் வந்ததும் அப்பா நின்றுவிட்டார். இதுவும் உங்கள் ஆட்களுடையதா என்று அதிகாரி சிங்களத்தில் கேட்டார். இல்லை, இது பழையது என்றார் அப்பா. அதிகாரிக்கு ஒரே சந்தோஷம். படம் பிடித்தார். சுற்றிலும் முள்கம்பி அடிக்கச் சொல்லி, இனி யாரும் உள்ளே வரக்கூடாது என்றார்.

அப்பா வந்து இதைச் சொன்னபோது அம்மா ரொட்டி தட்டிக்கொண்டிருந்தாள்.

“நம்ம புள்ள கை இல்லன்னு சொல்ல ஒங்களுக்கு எப்புடிங்க வாய் வந்துச்சு?”

“சொல்லியிருந்தா தொடச்சிருக்கணும். என் கையாலயே.”

“நாளைக்கு நானே போயி சொல்றேன். அவரும் புள்ள பெத்தவருதான?”

மறுநாள் கூடையோடு போனாள். நானும் பின்னால் போனேன். கம்பி அடித்து முடிந்திருந்தது. அதிகாரி உள்ளே அந்தக் கையை அளந்துகொண்டிருந்தார். அவர் காலடியில் ஈரச்சாக்கு கிடந்தது. என்ன வேண்டும் என்று கேட்டார். அம்மா கம்பியைப் பிடித்தபடி அந்தக் கையையும் சாக்கையும் பார்த்தாள்.

“ஒண்ணுமில்லீங்க. சும்மா பாக்க வந்தேன்.”

இறங்கி வந்தோம். எனக்கு அழுகை வரும் என்று நினைத்தேன், வரவில்லை. கோபம்கூட வரவில்லை. அம்மா கொழுந்து பறித்தாள், நானும் பறித்தேன். மத்தியானம் மழை பிடித்தது. நனைந்துகொண்டே பறித்தோம்.